மூடியைத் தூக்கினால்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்துக்கு நடுவே லேக் ஹவாசு சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1938இல் பார்க்கர் அணை எழும்பியதும் தேங்கிய ஏரி. அதன் கரையில் 1960களில் முளைத்த ஊர். வேகப்படகுக்காரர்களின் திருவிழாக்களுக்குப் பேர்போனது. ஏரியில் பாய்வதற்கு முன்னால் படகுகளை டிரெய்லரில் ஏற்றி முதன்மைத் தெருவில் வரிசையாக நிறுத்துவார்கள். தெருவில் நிற்கும் படகுக்கு வேகம் கிடையாது, அலையும் கிடையாது. அப்புறம் எதைக் காட்டுவது? பின்பக்கத்தில் பெரிய மூடி ஒன்று இருக்கும். பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே மேலெழும்பும். கூட்டம் அங்கேதான் குனியும்.

உள்ளே என்ஜின் இருப்பது தெரிந்த விஷயம். பார்க்க வந்தவர்களின் கண் என்ஜினைவிட அதைச் சுற்றியுள்ள சுவர்களில்தான் அதிகம் நிற்கிறது. கண்ணாடிபோல மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு, வைரப் புடைப்பு போட்ட அலுமினியத் தகடு, அதன் ஓரத்தில் ஓடும் நீல விளக்குப் பட்டி, ஒரே நிறத்தில் ஒரே இடைவெளியில் கிளிப் அடித்த ஹோஸ்கள். சாப்பாட்டு இலையை அங்கேயே விரித்துவிடலாம், அத்தனை சுத்தம். அந்தப் புடைப்புத் தகடு நமக்கும் பழக்கமானதுதான். பேருந்துப் படிக்கட்டில், தீயணைப்பு வண்டியின் பக்கப் பலகையில், லாரியின் கருவிப் பெட்டியில் பார்த்திருப்போம். பட்டறைகளில் செக்கர் பிளேட் என்பார்கள். ஈரக்காலோடு ஏறுபவன் வழுக்கி விழாமலிருக்கப் புடைப்பு வைத்த தகடு அது. இங்கே அதைச் செங்குத்தாகச் சுவரில் பதித்திருக்கிறார்கள். பல்லியைத் தவிர யாரும் நடக்க முடியாத இடத்தில்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் படகின் என்ஜின் கிடக்கும் இடம் நூற்றைம்பது ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறியது என்று பார்த்தால், இந்தப் பளபளப்பு புதிய பைத்தியம் இல்லை என்பது தெரியும். தொடக்கத்தில் படகு என்ஜின் ஜொலித்துக்கொண்டுதான் இருந்தது. நடுவில் பல பத்தாண்டுகள் இருட்டுக்குள் போனது. இப்போது மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. யார் துடைக்கிறார்கள், எதற்காகத் துடைக்கிறார்கள் என்பதுதான் மாறிவிட்டது.

முதல் வெளிச்சத்தைப் பார்க்க இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள விண்டர்மியர் ஏரிக்குப் போகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் பக்கத்துப் பஞ்சாலை முதலாளிகள் இந்த ஏரிக்கரையில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். மாளிகைக்கு ஒரு நீராவிப் படகு. படகின் நடுவே, மூடியோ மறைப்போ இல்லாமல், கொதிகலனும் என்ஜினும் நிற்கும். பயணிகளின் முழங்கால் தூரத்தில் பித்தளைக் குழாயும் எஃகுத் தண்டும் மேலும் கீழும் ஆடும். என்ஜின் உருளையைச் சுற்றித் தேக்கு அல்லது மகோகனி மரச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, மேலே பித்தளைப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பார்த்தால் நகைப்பெட்டி. உண்மையில் அது வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் போர்வை. உருளை குளிர்ந்தால் நீராவி தண்ணீராகிச் சக்தி வீணாகும். மரம் அதைத் தடுக்கிறது. பட்டை மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மரத்துக்கு வார்னிஷ், பித்தளைக்குப் பாலிஷ் என்பது அதற்குப் பிறகு வந்த அழகு.

அந்த அழகைக் காப்பாற்ற ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தான். அவன்தான் என்ஜின்காரன். கையில் எண்ணெய்க் குவளை, இடுப்பில் பஞ்சுக் கழிவு. ஆடிக்கொண்டிருக்கும் தண்டின் மூட்டில் விரல் வைத்துச் சூடு பார்ப்பான். எந்த இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்தாலும், துடைத்து வைத்த பித்தளையில் அது உடனே தெரிந்துவிடும். பெரிய கப்பல்களிலும் இதே கதைதான். என்ஜின் அறையின் தரைத் தகடுகளைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளிபோல வைத்திருப்பது கீழ்த்தளத்து ஆட்களின் அன்றாட வேலை. செக்கர் பிளேட்டின் பூர்வீகங்களில் ஒன்று அந்தத் தரைதான். அங்கே அது காலடியில் கிடந்தது.

விண்டர்மியர் படகுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. கொதிகலன் ஆவியைச் சுருள் குழாய் வழியே ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, சில விநாடிகளிலேயே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பார்கள். விண்டர்மியர் கெட்டில் என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. என்ஜினைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்த காலம் அது. ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டாலி’ 1850 வாக்கில் கட்டிய படகு. இயந்திரத்தால் ஓடும் படகுகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 1895ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கி, 1962இல் சேற்றிலிருந்து தூக்கப்பட்டது. என்ஜினும் கொதிகலனும் அதோடு பத்திரமாகக் கிடந்தன.

அமெரிக்காவில் நீராவிப் படகு வைத்திருப்பவனுக்கு ஒரு தொல்லை. கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் சாவது வழக்கமாகிவிட்டதால், உரிமம் பெற்ற என்ஜினியர் இல்லாமல் படகை ஓட்டக் கூடாது என்று சட்டம். ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கு ஒரு சம்பளக்காரரைக் கூட்டிப்போக எல்லோருக்கும் வசதியா இருக்கும்? 1880களில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்குப் பதிலாக நாப்தாவைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் என்ஜினை ஓட்டுவது. நீராவி இல்லை, ஆகவே நீராவிச் சட்டமும் இல்லை. நாப்தா பெட்ரோலின் நெருங்கிய பங்காளி. அதையே எரிபொருளாகவும் எரித்து, அதையே கொதிக்கவும் வைத்தார்கள். கேட்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் உல்லாசமாகப் போய் வந்தன. படகுக்காரன் தன் படகைத் தானே ஓட்டலாம் என்ற ருசி அங்கேதான் தொடங்கியது.

பெட்ரோல் என்ஜின் வந்ததும் சம்பள என்ஜின்காரன் படகிலிருந்து இறங்கிவிட்டான். அவனோடு பித்தளையும் இறங்கியது.

1920களில் மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக் என்ற சிற்றூர் வேகப்படகுகளின் தலைநகரம். கிறிஸ் ஸ்மித் குடும்பம் அங்கேதான் கிறிஸ்-கிராஃப்ட் படகுகளைக் கட்டியது. கார் வுட் என்ற பந்தயப் பித்தரும் அங்கேதான். டிப்பர் லாரியின் ஹைட்ராலிக் தூக்கியைக் கண்டுபிடித்துச் சம்பாதித்த பணத்தை அவர் படகுகளில் கொட்டினார். முதல் உலகப்போர் முடிந்ததும் மிஞ்சிக் கிடந்த லிபர்ட்டி விமான என்ஜின்களை மொத்தமாக வாங்கிப் படகுக்குள் இறக்கினார். 1932இல் நான்கு பாக்கார்ட் என்ஜின்கள் பூட்டிய அவருடைய ‘மிஸ் அமெரிக்கா 10’ மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. பக்கத்திலேயே ஆர்லின் ஜான்சன் என்ற மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். பந்தயப் படகில் மட்டும் என்ஜினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் மிஞ்சியிருந்தார்.

வீட்டு உபயோகப் படகுகளில் நடந்தது வேறு. மேல்தளம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்த மகோகனி. அதில் இரண்டு கதவுகள். திறந்தால் கீழே என்ஜின். கிறிஸ்-கிராஃப்ட் என்ஜினுக்கு நீல நிறம். சுற்றியுள்ள மரத்துக்குச் சிவப்போ சாம்பலோ ஒரு பெயின்ட். அவ்வளவுதான். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பில்ஜ் என்னும் அடிப்பள்ளத்தில் தேங்கும். மனிதர்களின் கண்ணில் படும் பலகைக்கு வார்னிஷ் மேல் வார்னிஷ். படாத பலகைக்கு மலிவான பெயின்ட். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மேலே விருந்தினர், கீழே அழுக்கு என்ற ஏற்பாடு நம் வீடுகளிலும் உண்டு.

அழுக்கைவிட ஆபத்து பெரியது. பெட்ரோல் ஆவி காற்றைப்போல மூன்று, நான்கு மடங்கு கனமானது. காரில் கசிந்தால் தரையில் இறங்கிக் கலைந்துவிடும். படகில் கலைய வழியில்லை. படகே ஒரு கிண்ணம். ஆவி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும். மூடிவைத்த என்ஜின் அறைகள் வெடித்த பிறகுதான் 1940இல் அமெரிக்கா மோட்டார் படகுச் சட்டம் போட்டது. கார்புரேட்டரின் வாயில் தீ திரும்பிவராமல் தடுக்கும் வலை கட்டாயம், காற்றோட்டம் கட்டாயம். 1980 ஜூலை 31க்குப் பிறகு கட்டிய பெட்ரோல் படகுகளில் மின்விசிறி வைத்து ஆவியை உறிஞ்சி வெளியேற்றவும் வேண்டும். என்ஜினைக் கிளப்புமுன் நான்கு நிமிடம் அந்த விசிறியை ஓடவிடு, அடிப்பள்ளத்தில் ஆவி இருக்கிறதா என்று பார் என்று இன்றும் ஓட்டுநர் முன்னால் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். நான்கு நிமிடம் பொறுப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இத்தாலியில் கார்லோ ரிவா என்பவர் ஒருவர்தான் இந்த மேல்-கீழ் ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் மதிக்காமல் இருந்தவர் என்று எனக்குத் தோன்றும். 1962இல் வந்த அவருடைய அக்வாரமா படகில் இரண்டு வி-8 என்ஜின்கள், மேலே வெயில் காய மெத்தை. மெத்தை போட்ட மூடியைத் திறந்தால் தெரியும் ஒழுங்கு, மேல்தளத்தின் ஒழுங்கோடு போட்டி போடும். கார் செய்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1968இல் ஓர் அக்வாரமா வாங்கி, அதில் தன் கம்பெனியின் வி-12 என்ஜின்கள் இரண்டைப் பூட்டச் சொன்னார். அந்தப் படகு பல ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்து, 2013இல் நெதர்லாந்தில் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது புகைப்படக்காரர்கள் முதலில் எதைத் திறந்து படமெடுத்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

ரிவா விதிவிலக்கு. பொதுவான போக்கு இருட்டை நோக்கியே இருந்தது. 1959இல் வால்வோ பென்டா ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. என்ஜின் படகுக்குள், பின்பலகையை ஒட்டி. புரொப்பெல்லரும் கியரும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். அமெரிக்கர்கள் ஸ்டெர்ன்டிரைவ் என்றார்கள். 1961இல் மெர்குரூசரும் வந்து சந்தையை அள்ளியது. நடுவே இருந்த என்ஜின் பின்மூலைக்குத் தள்ளப்பட்டது. மரம் போய் ஃபைபர்கிளாஸ் வந்தது. மூலையில் ஓர் ஆள் முழங்காலை மடக்கிக்கூட இறங்க முடியாத குகை. பக்கவாட்டில் பாட்டரி, பெட்ரோல் டாங்க், ஒன்றோடொன்று சிக்கிய ஒயர்கள். நல்ல கம்பெனிகள் அந்தக் குகைக்குள் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுத்தன. வெள்ளை வெறும் வெளிச்சத்துக்காக இல்லை. கறுப்பு எண்ணெயும் துருவின் காவியும் வெள்ளையில்தான் முதல் நாளே தெரியும். என்ஜின்காரனின் பித்தளை செய்த வேலையை அந்த வெள்ளைப் பூச்சு சத்தமில்லாமல் செய்தது. மலிவுப் படகுகளில் ஃபைபர்கிளாஸை அப்படியே சொரசொரப்பாக விட்டார்கள். கையை விட்டால் சிராய்க்கும். அழுக்கு ஒட்டினால் ஜென்மத்துக்கும் போகாது.

பளபளப்பைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் படகுக்காரர்கள் இல்லை, கார்க்காரர்கள். தெற்குக் கலிபோர்னியாவில் போருக்குப் பிறகு பழைய கார்களை வாங்கி, பானெட்டைக் கழற்றி எறிந்து, என்ஜினுக்குக் குரோம் பூசி ஓட்டும் ஹாட்ராடு இளைஞர்கள் பெருகினார்கள். கோடையில் அதே பையன்கள் கொலராடோ ஆற்றுக்கு வந்தார்கள். நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் 1950களில் மெருகேற்றிய நீர்ப்பீச்சு முறை அமெரிக்காவுக்கு வந்து, பெர்க்லி போன்ற பம்புகளாகக் கிடைத்தது. ஆழமில்லாத தண்ணீரில்கூட ஓடும் தட்டையான ஜெட் படகு. அதன் முதுகில் மூடியே இல்லாமல் ஓர் ஓல்ட்ஸ்மொபைல் 455. இரண்டு பக்கமும் சிறகுபோல விரியும் குரோம் புகைக்குழாய். உடம்பெல்லாம் ஜிகினாத் தூள் கலந்த பூச்சு. 1970களின் ஹவாசு அதுதான். சங்கிலி ரம்பமும் படகு மோட்டாரும் செய்த ராபர்ட் மெக்கல்லக் நிறுவிய ஊர் அது. லண்டனில் விற்பனைக்கு வந்த பழைய பாலத்தை வாங்கி, கல் கல்லாகக் கொண்டுவந்து 1971இல் அங்கே திறந்துவைத்தவரும் அவரே. தேம்ஸ் நதியின் பாலத்துக்கு அடியில் குரோம் என்ஜின் படகுகள் உறுமிக்கொண்டு போனதைக் கற்பனை செய்து பாருங்கள்.

குரோம் என்ஜினோடு நின்றிருந்தால் சரி. மறுபடி பெரிய படகுகளும் மூடிகளும் வந்தபோது, மூடிக்குள் இருந்த சொரசொரப்பான சுவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது. விலை உயர்ந்த படகுகளைக் கம்பெனிகளே அலங்கரித்துத் தந்தன. பழைய படகு வாங்கிய சாதாரண ஆள் வாரக்கடைசியில் தானே இறங்கினான். பக்கத்து ஹார்டுவேர் கடையில், டிரக் உதிரிக் கடையில், பளபளக்கும் அலுமினிய செக்கர் பிளேட் சுலபமாகக் கிடைத்தது. செங்குத்துச் சுவரில் படிக்கட்டுத் தகடு ஏறிய வரலாறு இதுதான்: கையில் கிடைத்த பளபளப்பு.

பதிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு தடவை குகைக்குள் தலையை விட்டுப் பார்க்கவேண்டும். படகின் உடம்பு இரண்டு திசையில் வளைந்தது. தகடோ ஒரு திசையில் மட்டுமே வளையும். அதனால் சுவரோடு ஒட்டத் தகட்டை அழுத்திப் பயனில்லை. சுவருக்கு முன்னால் சிறிய முட்டுகள் வைத்து, தட்டையாக ஒரு பொய்ச்சுவர் கட்டி, அதில்தான் மாட்டவேண்டும். முதலில் அட்டை. பீட்சா டப்பாவோ பழைய பெட்டியோ கிழித்து, பாட்டரிக்கு ஒரு வெட்டு, ஒயர்க் கட்டுக்கு ஒரு வெட்டு என்று துண்டு துண்டாக ஒட்டி ஓர் உருவம் செய்வார்கள். அது பொருந்திய பிறகே ஜிக்சா ரம்பத்தைத் தொடவேண்டும். வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து மழுக்காவிட்டால், அடுத்த தடவை ஆயில் ஃபில்டர் மாற்றும் கை ரத்தத்தோடு வெளியே வரும்.

எவ்வளவு தடிமன் என்பது அடுத்த சண்டை. தரைக்குப் போடும் 3 மில்லிமீட்டர்த் தகடு சதுர மீட்டருக்கு 8 கிலோவுக்கு மேல் கனக்கும். பின்பக்கம் ஏற்கெனவே என்ஜினின் கனத்தில் அமிழ்ந்திருக்கும் படகுக்கு அது நல்லதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலங்காரத் தகடு கனமில்லை. ஆனால் என்ஜின் ஓடும்போது தகரக் கொட்டகைமேல் மழை பெய்வதுபோலக் கடகடக்கும். பின்னால் பிளாஸ்டிக் பலகையோ ஒலித்தடுப்பு நுரையோ கொடுத்தால் அடங்கும். நுரைக்குள்ளேயே கனமான ஒரு படலத்தை வைத்து விற்கிறார்கள். முன்பெல்லாம் அது ஈயத்தகடு, இப்போது கனமேற்றிய வினைல். அந்த நுரைக்குப் பொடித்துளையிட்ட அலுமினிய முகப்பும் உண்டு. என் பார்வையில் இந்த வகைதான் மரியாதையான அலங்காரம். துளை வழியே சத்தம் நுரைக்குள் போய்ச் செத்துவிடும். மேலே தகடு நுரையை எண்ணெயிலிருந்து காக்கும். விண்டர்மியரின் தேக்குச் சட்டத்துக்கு நேரான வாரிசு என்று இதைச் சொல்லலாம். முகப்பில்லாத பழைய நுரை சில ஆண்டுகளில் உதிர்ந்து, பள்ளத்தில் விழுந்து, தண்ணீரை இறைக்கும் பம்பின் வாயை அடைத்துப் படகையே ஆபத்தில் தள்ளும்.

கடைகளில் கிடைக்கும் பளபள செக்கர் பிளேட் பெரும்பாலும் 3003 என்ற கலவை. மெருகுக்குப் பேர்போனது. கடலுக்கென்று பழக்கப்பட்டவை 5052, 5083 போன்ற வேறு வகைகள். நன்னீர் ஏரியில் 3003 பல்லாண்டு தாங்கும். உப்புக்காற்றில், அதிலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை நேராக முறுக்கினால், திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கத் தொடங்கும். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்பு ஈரம்: ஒரு சிறிய பாட்டரி உருவாகிவிட்டது. அதில் கரைவது அலுமினியம். வெண்கல வால்வோ செப்புக் குழாயோ தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் வேகம். நடுவே நைலான் வாஷர், திருகாணிக்குத் தடுப்புப் பசை என்று தெரிந்தவர்கள் செய்வார்கள். தெரியாதவர்களின் தகடு, பின்புறத்திலிருந்து யாரும் பார்க்காமல் அரித்துக்கொண்டே வரும்.

துளை போடுவதில்தான் பெரிய பாவங்கள் நடக்கின்றன. என்ஜினைத் தாங்கும் நெடுக்குக் கட்டைகள் பல படகுகளில் ஃபைபர்கிளாஸ் போர்த்திய மரம். ஒவ்வொரு திருகாணித் துளையும் அந்த மரத்துக்குத் தண்ணீர் போக ஒரு வாசல். எபாக்ஸி விட்டு மூடாவிட்டால் உள்ளே மரம் சோறாகக் குழையும். வெளியே தகடு ஜொலிக்கும். பிறகு ஆவியை உறிஞ்சும் குழாயின் வாய் பள்ளத்தின் அடியருகே திறந்திருக்கவேண்டும். அழகுக்காக அதைத் தகட்டுக்குப் பின்னால் தள்ளியவர் 1940க்கு முந்தைய படகுக்குத் திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

இதையெல்லாம் பார்த்துப் பழைய படகுகளைச் சோதிக்கும் சர்வேயர்கள் அலங்காரத் தகட்டின்மேல் ஆத்திரப்படுவதில் நியாயம் இருக்கிறது. கட்டை அழுகியிருக்கிறதா என்று தட்டிப்பார்க்க வந்தவருக்குத் தகடுதான் பதில் சொல்கிறது. தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஹோஸ் கிளிப், கடல்நீர் வால்வு, பின்பலகையின் ரப்பர் துருத்தி கிழிந்தால் தண்ணீர் நுழையும் இடம் எல்லாமே கண்ணில் படவேண்டியவை. பித்தளையும் வெள்ளைப் பூச்சும் கசிவைக் காட்டிக்கொடுத்தன. புடைப்புத் தகடு அதை மறைக்கவும் வல்லது. விலை கொடுத்து வாங்கிய பளபளப்பு, துடைத்துத் துடைத்து வந்த பளபளப்புக்கு ஈடாகாது என்று நானும் கொஞ்சநாள் சொல்லித் திரிந்தேன்.

முழுக்க அப்படிச் சொல்லிவிடவும் முடியவில்லை. தகடு பதிக்கத் துணிந்தவன் முதலில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பாட்டரியைக் கழற்றுகிறான். இருபது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுகிறான். அட்டையைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்துகொள்கிறான். வெடித்த ஹோஸ், துருவேறிய கிளிப், யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போன இணைப்பு எல்லாம் அப்போதுதான் அகப்படுகின்றன. தகடு மாட்டிய பிறகும் மூடியைத் திறந்து யாருக்காவது காட்டவேண்டும் என்று கை துறுதுறுக்கும். காட்டுவதற்குமுன் துடைக்கவேண்டும். துடைக்கும்போது பார்க்கவேண்டும். பக்கத்துப் படகுக்காரனோ மூடியைத் திறப்பதே கோடை தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை. சம்பளத்துக்காகத் துடைத்தவனின் இடத்தில் பெருமைக்காகத் துடைப்பவன் வந்திருக்கிறான். கால் திருகில் கழன்றுவிடும் பூட்டுத் திருகாணிகளை அவன் போட்டிருந்தால் சர்வேயரும் சமாதானமாகிவிடுவார்.

இப்போது இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வேகப்படகுச் சந்தை வெளித்தொங்கு மோட்டார்களுக்கு மாறிவிட்டது. நடுவில் ஓட்டுநர் நிற்க, பின்பலகையில் மூன்று, நான்கு, ஐந்து மோட்டார்களை வரிசையாகத் தொங்கவிட்ட படகுகள்தான் இன்றைய பகட்டு. 2021இல் மெர்குரி நிறுவனம் 12 சிலிண்டர், 600 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைப் பின்பலகைக்கு வெளியே தொங்கவிட்டது. ஆவி தேங்கப் பள்ளம் இல்லை, நான்கு நிமிட விசிறி இல்லை. என்ஜின் கிடந்த குகை சாமான் வைக்கும் அறையாகவோ இன்னொரு மெத்தையாகவோ மாறிவிட்டது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதைவிட நல்ல மாற்றம் கிடையாது. அலங்கார ஆசையும் வெளியே ஏறிக்கொண்டது: மோட்டாரின் பிளாஸ்டிக் கவசத்துக்குப் படகின் நிறத்திலேயே பெயின்ட், கோடு, பெயர்.

அந்த 600 குதிரை மோட்டாரின் தலையில் ஒரு சிறு மூடி உண்டு. எண்ணெய் அளவைப் பார்க்க அதை மட்டும் திறந்தால் போதும். மற்றதெல்லாம் மெக்கானிக்கின் வேலை. விண்டர்மியர் என்ஜின்காரன் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் இவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது. குகை வைத்த பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகுகளை இப்போது சீண்டுவாரில்லை என்பதால் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குகிற இளைஞர்கள் முதல் வாரமே பீட்சா டப்பாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறார்கள்.